எத்தனையாவது நாள்?

காய்ச்சல் என்று போய் உட்கார்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பது "எத்தனை நாளா?" என்றுதான். நாமோ "ரெண்டு மூணு நாளா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு, ராத்திரி தூங்காத கதைக்குப் போய்விடுகிறோம். இரண்டா மூன்றா என்பது அவருக்கு வேண்டியிருக்கிறது. எந்த ரத்தப் பரிசோதனை எழுதுவது, வீட்டுக்கு அனுப்புவதா படுக்கையில் சேர்ப்பதா, மருந்து இனிமேல் பலன் தருமா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை. வைரஸ் நோய்களில் பெரும்பாலானவை தேதி வைத்துக்கொண்டு நடப்பவை. நோயின் பெயர் தெரியாவிட்டாலும் நாள் சரியாகத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, குறித்து வைப்பது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் காய்ச்சல் தொடங்கிய தேதியின் தாளைக் கிழித்துப் போடாமல், அதிலேயே நேரத்தையும் எழுதி எடுத்து வையுங்கள். உடம்பு முதலில் சுட்ட நாள்தான் முதல் நாள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிய நாளோ, டாக்டரைப் பார்த்த நாளோ அல்ல. தெர்மாமீட்டர் அளவு, மாத்திரை கொடுத்த நேரம், சிறுநீர் போன நேரம் மூன்றையும் கீழே எழுதிக்கொண்டே வாருங்கள். கையில் காகிதத்தோடு வருகிறவரை மருத்துவர்களுக்குப் பிடிக்கும்.

வைரஸ் என்பது என்ன

வைரஸ் தானாகச் சாப்பிடாது, தானாகப் பெருகாது. டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள் கொஞ்சம், அதைச் சுற்றிப் புரத உறை, சிலவற்றுக்கு அதன் மேல் கொழுப்பாலான மேலுறை. அவ்வளவுதான். ஃப்ளூ வைரஸின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நம் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் எந்திரங்களையே வேலை வாங்கித் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது.

ஆன்டிபயாடிக் ஏன் இதனிடம் பலிப்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம். பாக்டீரியாவுக்குச் சொந்தமாகச் செல் சுவர் உண்டு, புரதம் தயாரிக்கும் எந்திரம் உண்டு. ஆன்டிபயாடிக் தாக்குவது அவற்றைத்தான். வைரஸிடம் தாக்குவதற்கு அவை இல்லை. மூன்றாம் நாள் ஆரம்பித்த அசித்ரோமைசின் ஐந்தாம் நாள் காய்ச்சலை விரட்டிவிட்டதாக ஊரில் பேச்சு இருக்கும். ஐந்தாம் நாள் அது மாத்திரை இல்லாமலும் போயிருக்கும்.

மேலுறை இருக்கிறதா இல்லையா என்பது சமையலறை வரைக்கும் வந்து சேரும் விஷயம். ஃப்ளூ, கொரோனா போன்றவற்றின் கொழுப்பு மேலுறையைச் சோப்பும் கைக்கிருமிநாசினியும் கரைத்துவிடும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா, நோரோ வைரஸ்களுக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கும் மேலுறை கிடையாது. கிருமிநாசினிக்கு அவை சுலபத்தில் மசிவதில்லை. குழந்தையின் மலத்துணியை மாற்றிவிட்டுப் பாட்டிலை அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டால் போதாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

உடம்புக்குள் வைரஸ் நுழைந்த நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடைவெளி உண்டு. ஃப்ளூவுக்கு ஒன்று முதல் நான்கு நாள். டெங்குவுக்கு நான்கு முதல் பத்து நாள். சின்னம்மைக்குப் பத்து முதல் இருபத்தொரு நாள். ஹெபடைடிஸ் ஏ காமாலைக்குச் சராசரியாக நான்கு வாரம். போன வாரத்துக் கல்யாணச் சாப்பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் காலண்டரைப் பின்னால் புரட்டிப் பாருங்கள். காமாலை என்றால் விசாரிக்க வேண்டியது போன மாதத்துத் தண்ணீரை.

டெங்கு: காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

மற்றக் காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்குவில் அந்த நேரத்தில்தான் விழித்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரு பத்தி மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் அடுத்த பத்தியைப் படித்தால் போதும்.

முதல் இரண்டு மூன்று நாள் கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிகிற வலி. பிறகு மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் சூடு இறங்கும். பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. சிலருக்கு அதே சமயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இந்த அபாயக் கட்டம் ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிட்டுப் போவது, பிள்ளை துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.

பிளேட்லெட் எண்ணிக்கை பற்றி நம் ஊரில் இருக்கும் பதற்றம் அளவுக்கு மீறியது. அது குறையும்; ஒரு லட்சத்துக்குக் கீழேயும் போகும்; பெரும்பாலும் தானே ஏறிவிடும். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பிளேட்லெட் ஏற்றுவதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்றோ ஹீமட்டோகிரிட் என்றோ இன்னொரு எண் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. நீர் வெளியே கசிந்தால் ரத்தம் கெட்டிப்பட்டு அந்த எண் ஏறும். பிளேட்லெட் வேகமாக இறங்க, பி.சி.வி. ஏறுகிறது என்றால் அதுதான் எச்சரிக்கை. நேற்றைய ரிப்போர்ட்டையும் இன்றையதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

"ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க, தெம்பா இருக்கும்" என்று கேட்கும் பழக்கமும் டெங்குவில் ஆபத்து. கசிந்த நீர் அபாயக் கட்டம் முடிந்ததும் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அப்போது தேவையில்லாமல் ஏற்றிய பாட்டில்கள் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். வாய்வழியே குடிக்க முடிகிறவருக்குக் கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. ரத்தக் கசிவை அவை கூட்டும். குழந்தைகளுக்கு ஒரு வேளை அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 120 முதல் 180. ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சிரப் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறது, 250 உள்ளதும் விற்கிறது. பழைய பாட்டிலின் அளவைப் புதிய பாட்டிலுக்கும் போட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும். சொட்டு மருந்து வடிவம் இன்னும் அடர்த்தியானது.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், பப்பாளி இலைச் சாறும் அப்படியே. ஆனால் அதைக் குடித்தாயிற்று, இனி மருத்துவமனை எதற்கு என்று ஐந்தாம் நாளை வீட்டிலேயே கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அதற்கு மட்டுமே நீண்ட நாள் பாதுகாப்பு. வேறு வகை இரண்டாவது முறை தொற்றும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். நோயாளிக்கு ஏற்கெனவே டெங்கு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொசுவுக்கும் நாள் கணக்கு உண்டு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும், எனவே பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்க வேண்டாம். நோயாளியைக் காய்ச்சல் இருக்கும் நாட்களில் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

பரிசோதனையும் அதன் நாளும்

இரண்டாம் நாளே போய் "எல்லா டெஸ்ட்டும் எடுத்துடுங்க" என்று சொன்னால் ஆய்வகத்தார் எடுத்துவிடுவார்கள். அதில் பாதி வீண். டெங்கு வைரஸின் சொந்தப் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் நான்கைந்து நாளில் பலன் தரும். நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை ஐந்தாம் நாளுக்குப் பிறகே நம்பத் தக்கது. இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். பார்த்து "டெங்கு இல்லை" என்று வீட்டுக்கு வருவது, விதைத்த மறுநாளே முளை இல்லையென்று பாத்தியைக் கொத்திப் போடுவதற்குச் சமம். டைஃபாய்டுக்கு எடுக்கும் வைடால் பரிசோதனையும் முதல் வாரத்தில் நம்பகமற்றது. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியும் டைஃபாய்டு சந்தேகம் இருந்தால் பிளட் கல்ச்சர் பற்றிக் கேளுங்கள்.

"வைரல் ஃபீவர்தான்" என்ற சொல்லுக்கும் காலாவதித் தேதி உண்டு. சாதாரண வைரஸ் காய்ச்சல் ஐந்து நாளுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். ஆறாம் நாளும் அதே உயரத்தில் அடித்தால் அது வேறாக இருக்கலாம்: டைஃபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். கடைசியாகச் சொன்னது வேலூர் வட்டாரத்தில் நன்றாகவே தெரிந்த நோய். புல், புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடித்து வருவது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் வலியில்லாத கறுத்த பொருக்குப் புண் ஒன்று ஒளிந்திருக்கும். நோயாளி வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், அதனால் தேடிப் பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கு மளமளவென்று அடங்கும் நோய் இது. விட்டால் உயிரையும் வாங்கும்.

ஒருமுறை விட்டு, இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்து, மறுபடி காய்ச்சலும் இளைப்பும் வந்தால் ஃப்ளூவுக்கு மேல் பாக்டீரியா நிமோனியா ஏறியிருக்கலாம். அப்போது ஆன்டிபயாடிக்குக்கு வேலை உண்டு. ஃப்ளூவுக்கென்றே இருக்கும் ஒசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் தரும். கர்ப்பிணி, முதியவர், ஆஸ்துமாவோ சர்க்கரையோ உள்ளவர் அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே எந்த நாள் கணக்கும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

அம்மையும் அக்கியும்

அம்மை போட்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியார் வரமாட்டார்கள், வீட்டார் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள். கொப்புளங்கள் காய்ந்த பிறகே தலைக்குத் தண்ணீர். சின்னம்மையில் கடைசிக் கொப்புளமும் பொருக்குக் கட்டும்வரை தொற்று உண்டு என்பதால் இந்த ஏற்பாடு நல்ல தனிமைப்படுத்தலாகவே வேலை செய்திருக்கிறது. ஒரே ஓட்டை: கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். வேப்பிலை வைப்பதற்குள் தங்கைக்கும் போயிருக்கும். அக்காவுக்கு ஆறி, இரண்டு வாரம் கழித்துத் தங்கைக்குப் போடுவது அம்மனின் கோபம் அல்ல, வைரஸின் இடைவெளி.

அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்ற பயம் பெரியம்மை காலத்துடையது. அந்தப் பெரியம்மை இந்தியாவில் 1975-இல் முடிந்துபோயிற்று. 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆரோக்கியமான குழந்தைக்குச் சின்னம்மை மருந்தில்லாமலேயே ஆறும் என்பது உண்மை. பெரியவர்களுக்கு அப்படி விட முடியாது. அவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு அதிகம். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்குவது நல்லது. கர்ப்பிணி ஒருவர் அம்மை போட்டவரோடு ஒரே அறையில் இருந்திருந்தால், கொப்புளம் வரக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம். உடம்பைத் தண்ணீரால் துடைப்பதாலோ குளிப்பதாலோ கெடுதல் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள். உப்பில்லாத பத்தியச் சோறு போட்டுப் பிள்ளையை மேலும் வாட்ட வேண்டாம்.

சின்னம்மை ஆறினாலும் வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் பதுங்கியிருந்து, வயதான காலத்திலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ ஒரே நரம்பு வழியாக வெளியே வரும். அதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, எரிச்சலோடு கொப்புளங்கள். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வது இன்றும் நடக்கிறது. எழுதிக்கொள்வதால் பெரிய தீங்கில்லை, ஆனால் அதற்குள் போகிற நாட்கள் விலை உயர்ந்தவை. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நோய் சுருங்கும். அக்கி ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்புவலி முதியவர்களை நிலைகுலைய வைக்கும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்ணுக்குப் போகும் நரம்பு சிக்கியிருக்கிறது என்று பொருள். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

நாய்க்கடி

வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. ஆனால் தோன்றுவதற்கு இரண்டு மூன்று மாதம் வரை கூட ஆகும் என்பதால் தடுக்க அவகாசம் உண்டு. வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது. முகத்திலும் கழுத்திலும் கடித்தால் தூரம் குறைவு.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவது ஊசிக்கு நிகரான சிகிச்சை. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். கட்டுப் போடவோ தையல் போடவோ அவசரப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி கிடைக்கும். தோலில் போடும் முறையென்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறையென்றால் 0, 3, 7, 14, 28. இதில் பூஜ்யம் என்பது கடித்த நாளல்ல, முதல் ஊசி போட்ட நாள். பத்து நாள் தாமதித்தவரும் போய்த் தொடங்கலாம், தொடங்கத்தான் வேண்டும். நடுவில் ஒரு தேதி தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். அதை முதல் நாளே போடுவது சரி. முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குப் பிறகு அதைப் போடுவதில்லை. நாயைப் பத்து நாள் கவனியுங்கள் என்று சொல்வது ஊசியைத் தள்ளிப்போடுவதற்கு அல்ல. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் கவனிக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றி ஊசி என்று இன்னும் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் காலம் முடிந்துவிட்டது. இப்போது போடுவது கையில்தான்.

மஞ்சள் காமாலை

ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் தண்ணீரிலும் உணவிலும் வருபவை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே ஆறும். கீழாநெல்லி கொடுத்தவருக்கும் ஆறும், கொடுக்காதவருக்கும் ஆறும். ஈ வகை, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மட்டும் உயிருக்கு ஆபத்தானது. அங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை.

பி வகை ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியே வருவது. கீழாநெல்லியை இதன்மேல் சோதித்த ஆய்வு ஒன்று சென்னையில் நடந்தது. எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்கும் அதில் பங்கு பெற்றார். மூலிகை எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்ததாக முடிவு வந்தது. பெரிய நம்பிக்கை எழுந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊர்ச் செடி என்பதற்காக நான் இதில் சலுகை காட்ட மாட்டேன். இன்று பி வகையைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன.

பெரியவருக்குப் பி வகை தொற்றினால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரஸை வென்றுவிடுவார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது தங்கிவிடும். பிற்காலத்தில் ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் வரலாம். ஆகையால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. டிஸ்சார்ஜ் அன்று போட்டுக்கொள்ளலாம் என்று விடாமல், பிரசவ அறை வாசலில் நிற்கும் பாட்டிதான் நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டும்.

எப்போது பள்ளிக்கு

ஃப்ளூ என்றால், மாத்திரை இல்லாமல் காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழிந்த பிறகு. சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டிய பிறகு. தட்டம்மைக்குத் தடிப்பு வந்த நான்கு நாள் தாண்டியதும். பொன்னுக்கு வீங்கிக்குக் கன்னம் வீங்கிய ஐந்து நாளுக்குப் பின். அரசு அட்டவணைப்படி போடும் எம்.ஆர். ஊசியில் இதற்குப் பாதுகாப்பு இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், எம்.எம்.ஆர். தனியாரிடம் கிடைக்கும். மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்ப்பதால் ஒட்டாது. அவர் துண்டையும் தலையணையையும் தொட்டால் ஒட்டும். கண் வடிவது நிற்கும்வரை வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி ஊற்ற வேண்டாம்.

கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் சின்னப் பிள்ளைகளிடம் வேகமாகப் பரவும், ஒரு வாரம் பத்து நாளில் ஆறும். ஆறிய பிறகும் மலத்தில் பல வாரம் வைரஸ் போகும் என்பதால் கழுவிவிடுகிறவர் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துப் பிள்ளையின் நகங்கள் கழன்று விழலாம். அப்போது சத்துக் குறைவு என்று டானிக் வாங்க ஓடாதீர்கள். காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். புது நகம் கீழே வளர்ந்துகொண்டிருக்கும்.